தையல் ஆறவில்லை... கேஸ் ஷீட் எங்கே?

"உங்களுக்குச் சுகர் இருக்குல்ல, அதான் ஆறலை."

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய ஒரு வாரத்தில், பத்து நாளில், கட்டு நனைந்து, தையலைச் சுற்றிச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, அதே மருத்துவமனைக்குத் திரும்ப ஓடும் குடும்பங்கள் அதிகம் கேட்கும் பதில் இதுதான். சுகர் இல்லாதவரிடம் "உடம்பு வாகு அப்படி" என்பார்கள். இல்லையென்றால் "வீட்டுல சுத்தமா வச்சுக்கலை" என்று பழி வீட்டுப் பெண்கள் தலையில் விழும். சில நேரங்களில் இந்தப் பதில்கள் உண்மையாகவும் இருக்கும். எந்த நேரத்தில் உண்மை, எந்த நேரத்தில் சாக்கு என்று கண்டுபிடிக்க நோயாளிக்கு உரிமை உண்டு. அதற்கான சட்டமும் நம்மிடம் இருக்கிறது. ஆனால், அந்தச் சட்டத்தின் கதவைத் தட்டும்போது பலர் வெறுங்கையோடு நிற்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாததால் அல்ல. கேட்க வேண்டிய காகிதங்களைக் கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் விட்டதால்.

முதலில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உலகின் மிகச் சிறந்த மருத்துவமனையிலும் அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்று வரலாம். கத்தி பட்ட இடத்தில் நம் தோலிலேயே குடியிருக்கும் கிருமி உள்ளே போய்விடலாம். வெடித்த குடல்வாலுக்குச் செய்யும் அறுவையில் தொற்றின் ஆபத்து அதிகம். குடலிறக்கம் போன்ற சுத்தமான அறுவையில் மிகக் குறைவு. அறுவை நடந்த 30 நாள்களுக்குள் அந்த இடத்தில் வரும் தொற்றை மருத்துவ உலகம் அறுவைசார் தொற்று என்று கணக்கில் எடுக்கிறது. மூட்டு மாற்று, எலும்பில் பிளேட் போன்று உள்ளே பொருள் வைக்கும் அறுவைகளுக்கு இந்தக் காலம் இன்னும் நீளும். ஆகவே, தொற்று வந்தது என்பதை மட்டும் வைத்து எந்த நீதிமன்றமும் மருத்துவரைக் குற்றவாளி ஆக்காது. அறுவைக்கு முன் செய்ய வேண்டியதைச் செய்தார்களா, அறுவைக்குப் பின் அறிகுறி தெரிந்தபோது கவனித்தார்களா என்ற இரண்டு கேள்விகளில்தான் வழக்கு நிற்கும், அல்லது விழும்.

முதல் கேள்விக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் தடுப்பு ஆன்டிபயாடிக் போட்டாகிவிட்டதா என்று உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் 2008-லிருந்து கேட்கிறது. அறுவை செய்யும் இடத்தை பிளேடால் மழிக்கக் கூடாது, முடி எடுத்தே ஆக வேண்டுமானால் கிளிப்பர் பயன்படுத்த வேண்டும் என்கிறது அதே நிறுவனத்தின் 2016 வழிகாட்டி. நம் மத்திய சுகாதார அமைச்சகமும் மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புக்கென்று 2020-இல் தேசிய வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

அடுத்தது ஆட்டோகிளேவ். கருவிகளைத் துணியில் சுற்றி, 121 டிகிரி நீராவியில், குறைந்தது 15 நிமிடம் அழுத்தத்தில் வைக்கும் இயந்திரம். மூட்டையின் மேல் ஒரு டேப் ஒட்டுவார்கள். வெப்பம் பட்டதும் அதிலுள்ள கோடுகள் கறுக்கும். கோடு கறுத்துவிட்டால் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூட்டை வெப்பத்தைப் பார்த்தது என்பதற்குத்தான் டேப் சாட்சி. உள்ளே உண்மையில் கிருமி அழிந்ததா என்று அறிய, எளிதில் சாகாத ஒரு பாக்டீரியாவின் விதைத்துகள் அடங்கிய சின்னக் குப்பியையும் கூடவே வைத்து எடுத்துச் சோதிக்க வேண்டும். இதையெல்லாம் தேதி, நேரம், கையெழுத்தோடு எழுதி வைக்கும் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும். வழக்குக்கு வரும் பலருக்கு அப்படியொரு பதிவேடு இருப்பதே தெரியாது.

கிருமியும் சாட்சி சொல்லும்

சீழை எடுத்து 'கல்ச்சர்' சோதனைக்கு அனுப்பினால் கிருமியின் பெயர் தெரியும். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரியும். சிகிச்சைக்கு மட்டும் உதவும் காகிதம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. ஸ்டஃபைலோகாக்கஸ் என்று வந்தால் அது நோயாளியின் தோலிலிருந்தும் வந்திருக்கலாம், ஊழியரின் கையிலிருந்தும் வந்திருக்கலாம். சூடோமோனாஸ் வந்தால் தண்ணீரையும் திரவ மருந்துகளையும் சந்தேகிக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி செய்து நாலைந்து வாரம் கழித்து, துளை போட்ட இடத்தில் மட்டும் கட்டி எழும்பி, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாமல் மாதக்கணக்கில் சீழ் வடிந்தால், அனுபவமுள்ள மருத்துவர் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான மைக்கோபாக்டீரியா வகைகளைத் தேடுவார். அவை தண்ணீரில் வாழ்பவை. கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமலோ, செய்த பிறகு குழாய்த் தண்ணீரில் அலசியோ பயன்படுத்தும்போது உள்ளே போகின்றன.

வாணியம்பாடியில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2023-இல் அங்கே ஒரு பல் கிளினிக்குக்குப் போனவர்கள் அடுத்தடுத்து மூளைத் தொற்றுக்கு ஆளானார்கள். 8 பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் உள்ளிட்டோர் ஆராய்ந்து, 2025-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஈறைப் பிரிக்கும் அறுவைக் கருவி ஒன்றால் சலைன் பாட்டிலைத் திறந்து, அதைப் பஞ்சால் மூடி வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு சலைன் பாட்டில் என்ன விலை இருக்கும்? அதை மிச்சம் பிடித்ததற்குக் கொடுத்த விலையை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. இது வெளியே வந்ததற்குக் காரணம், தனித்தனியாக நோயுற்றவர்களை ஒரே இடத்தோடு யாரோ இணைத்துப் பார்த்தார்கள் என்பதுதான். 2008-இல் விழுப்புரம் மாவட்ட முகாம் ஒன்றிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு, தனியார் மருத்துவமனையில் இலவசக் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களில் 66 பேர் பார்வை இழந்தபோதும், ஒரே நேரத்தில் பலருக்கு நடந்ததால்தான் அது சி.பி.ஐ. விசாரணை வரை போனது.

ஆகவே, தொற்று வந்தால் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் பேசுங்கள். அதே நாள், அதே அறுவை அரங்கில் (ஓ.டி.) அறுவை செய்துகொண்ட வேறு யாருக்காவது இப்படி வந்ததா? வந்திருந்தால் 'உங்க உடம்பு வாகு' என்ற பதில் அங்கேயே உடைந்துபோகும்.

சட்டம் என்ன கேட்கிறது?

1963-இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகி, மூன்றாம் நாள் குடும்பக் கட்டுப்பாடு அறுவை நடந்தது. பிறகு காய்ச்சல், வயிற்று வலி. ஆறு நாள் கழித்து வயிற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு துண்டு. சுற்றிலும் சீழ். அவர் பிழைக்கவில்லை. விசாரணை நீதிமன்றம் 36,000 ரூபாய் தரச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1996-இல்தான் உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. வயிற்றில் துண்டு கிடந்ததே கவனக்குறைவைச் சொல்கிறது, எந்தக் கை அதை விட்டது என்று குடும்பம் நிரூபிக்கத் தேவையில்லை, ஊழியரின் தவறுக்கு அரசு பொறுப்பு என்பதே தீர்ப்பின் சாரம். 33 ஆண்டுகள்!

துண்டு கண்ணுக்குத் தெரியும், கிருமி தெரியாது. தொற்று வழக்குகளின் சிக்கல் அங்கேதான். 2019-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், காய்ச்சலோடும் அதிகரித்த வெள்ளை அணுக்களோடும் மருத்துவமனையில் சேர்ந்த பெண் நோயாளிக்குக் கையில் போட்ட ஊசிக்குழாய் வேலை செய்யாமல் போனது. ஊசி மருந்தை நிறுத்தி, மூக்குக் குழாய் வழியே மாத்திரையாகக் கொடுத்து, மூன்று நாளில் டிஸ்சார்ஜ் செய்தார்கள். பிறகு நிலைமை மோசமாகி, இரண்டு வாரத்துக்குள் இறந்தார். மாநில நுகர்வோர் ஆணையம் 15 லட்சம் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையமும் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டன. மருத்துவர் எடுத்த முடிவு வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்பது வேறு, கவனக்குறைவு என்பது வேறு என்றது நீதிமன்றம். வழக்குத் தொடுத்த கணவரின் துயரத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது; ஆனாலும் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் யாரும் வழக்குப் போடக் கூடாது என்பேன்.

மறுபக்கம் நோயாளிக்குத் துணை நிற்கும் தீர்ப்புகளும் உண்டு. நோயாளி தன் தரப்பு ஆதாரத்தை ஓரளவு காட்டிவிட்டால், தவறு நடக்கவில்லை என்று காட்டும் சுமை மருத்துவமனைக்கு மாறும். எந்த மருத்துவர், எந்த நர்ஸ் என்று பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் மருத்துவமனையை மட்டும் எதிர்த்தரப்பாக்கினால் போதும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்றது 2010-இல் வந்த கிஷன் ராவ் தீர்ப்பு.

"இன்ஃபெக்ஷன் வரலாம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று ஒப்புதல் படிவத்தை எடுத்துக் காட்டுவார்கள். பயப்பட வேண்டாம். அந்தக் கையெழுத்து, எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் வரக்கூடிய ஆபத்துக்கான சம்மதம். கழுவாத கைக்கோ வேகாத கருவிக்கோ யாரும் சம்மதம் தரவில்லை.

எதைக் கேட்பது, எப்போது கேட்பது?

மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். உள்நோயாளியின் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்காதீர்கள். கடிதமாக எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அது மருத்துவமனை தன் கதையைத் தானே சொல்லும் தாள். முழு கேஸ் ஷீட்டைக் கேளுங்கள். அதிலே நர்ஸ்கள் நேரம் குறித்து எழுதும் காய்ச்சல், நாடித்துடிப்பு அட்டவணைதான் பொன். மூன்றாம் நாள் இரவே 102 டிகிரி என்று எழுதியிருந்தும், ஐந்தாம் நாள் வரை மருத்துவர் குறிப்பில் ஒரு வரியும் இல்லையென்றால், வழக்கின் இதயம் அங்கேதான் துடிக்கிறது. மயக்க மருந்து அட்டவணையில் ஆன்டிபயாடிக் போட்ட நேரமும் கீறல் போட்ட நேரமும் இருக்கும். மருந்து அட்டவணை, அறுவைக் குறிப்பு, கல்ச்சர் ரிப்போர்ட், ஒப்புதல் படிவம், வகைவாரியான பில், உள்ளே பொருள் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர் எல்லாமே வேண்டும். ஆட்டோகிளேவ் பதிவேட்டை உங்கள் பதிவு இல்லை என்று தர மறுக்கலாம். வழக்குத் தொடுத்த பிறகு, அந்த நாளுக்குரிய பக்கத்தைத் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு நுகர்வோர் ஆணையத்திடம் மனு போடலாம். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கூடவே, காயத்தைத் தினமும் தேதி தெரியும்படி செல்போனில் படமெடுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறுகிறீர்கள் என்றால், அங்கே சேரும்போது காயம் எப்படி இருந்தது, கல்ச்சரில் என்ன வந்தது என்று சம்மரியில் எழுதச் சொல்லுங்கள். முதல் மருத்துவரைக் குறைசொல்லி எழுத யாரும் முன்வர மாட்டார்கள். கண்ட உண்மையை எழுத யாரும் மறுக்கவும் மாட்டார்கள். உங்களுக்கு அதுவே போதும். நோயாளி இறந்துவிட்டால், வேதனையின் நடுவிலும் பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டியிருக்கும். அது இல்லாமல் இறப்புக்கும் தொற்றுக்கும் உள்ள தொடர்பை நிரூபிப்பது மிகக் கடினம்.

எந்தக் கதவைத் தட்டுவது?

தனியார் மருத்துவமனை என்றால் பெரும்பாலோருக்கு ஏற்றது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சாந்தா வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 2019-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் மருத்துவம் என்ற சொல் இல்லையே என்று எழுப்பிய வாதமும் 2022-இல் எடுபடவில்லை. நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்பது கணக்கில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக்கட்டணமே கிடையாது. சிகிச்சை சென்னையில் நடந்திருந்தாலும், நீங்கள் சிவகங்கையில் குடியிருந்தால் அங்கேயே தொடுக்கலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்; இணையம் வழியாகவும் மனு போடலாம். சட்டம் சொல்லும் காலம் மூன்று மாதம். நடைமுறையில் ஆண்டுகள் ஆகின்றன. அதை மனத்தில் வைத்தே இறங்க வேண்டும்.

காப்பீட்டில்தானே அறுவை நடந்தது, நாம் காசு கட்டவில்லையே என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். காப்பீட்டு நிறுவனம் கட்டினால் அது இலவச சிகிச்சை ஆகாது என்று சாந்தா தீர்ப்பிலேயே இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டவரும் அதே தர்க்கத்தை முன்வைக்கலாம்.

எல்லோருக்கும் முழுக்க இலவசமான அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே தவறு நடந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, உரிமையியல் வழக்கு, மாநில மனித உரிமை ஆணையம் என்ற வழிகள் உள்ளன. 2018-இல் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதே, அதில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அடுத்த ஆண்டே 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் வீடும் அரசு வேலையும் தர உத்தரவிட்டது. தவறு மறுக்க முடியாத அளவு தெளிவாக இருந்தால் ரிட் வேகமானது. 'நடந்தது', 'நடக்கவில்லை' என்று இரு தரப்பும் சாட்சியோடு மோதும் நிலை என்றால் உயர் நீதிமன்றம் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி, நிரந்தர மக்கள் நீதிமன்றம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி மருத்துவமனைச் சேவையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைதான். ஒரு கோடி ரூபாய் வரையிலான பிரச்சினைகளை, நீதிமன்றக் கட்டணம் இல்லாமல் அங்கே கொண்டுபோகலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். சமரசம் ஆகாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லும். உங்கள் மாவட்டத்தில் எங்கே இயங்குகிறது என்று சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது அவர்கள் கடமை.

பணம் வேண்டாம், இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவரின் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். கவுன்சில் இழப்பீடு வாங்கித் தராது. எச்சரிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம். மருத்துவமனையின் மீது என்றால் ஜே.டி. ஆபீஸ் எனப்படும் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்வதும் ஆய்வு செய்வதும் அங்கேதான். பலருக்குத் தொற்று பரவும் சந்தேகம் இருந்தால் வழக்குக்கும் முன்னால் இங்கே ஒரு மனு கொடுத்துவிடுங்கள். ஓ.டி.யில் மாதிரி எடுக்கும் அதிகாரம் இருப்பவர்கள், தடயம் கழுவப்படும் முன் போக வேண்டும்.

போலீஸ்? 2005-இல் வந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, படுமோசமான கவனக்குறைவு இருந்தால் மட்டுமே மருத்துவர் மீது கிரிமினல் வழக்கு நிற்கும். அதற்கும் வேறொரு மருத்துவரின் நடுநிலைக் கருத்து வேண்டும். உயிரிழப்பு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில், பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. தனி ஒருவரின் காயத் தொற்றுக்குப் போலீஸ் ஸ்டேஷன் வழி பெரும்பாலும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது என்பது என் கருத்து. ஆத்திரத்தில் மருத்துவமனைக் கண்ணாடியை உடைத்தால், 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவில் பாதிக்கப்பட்டவரே உள்ளே போக நேரும்.

இரண்டு ஆண்டு

நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிப்பார்கள். ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். கோவாவில் பணியாற்றிய நர்ஸ் ஒருவருக்கு 1993-இல் பித்தப்பைக் கல் அறுவை நடந்தது. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வயிற்று வலி. 2002-இல் வேறு மருத்துவமனையில் திறந்தபோது உள்ளே காஸ் துணி இருந்தது. 2004-இல் வழக்குத் தொடுத்தார். இத்தனை ஆண்டு வலி இருந்தும், மருத்துவத் துறையிலேயே இருந்தும், அறுவை செய்த மருத்துவரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டு, காலம் கடந்த மனு என 2010-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வலியைப் பொறுத்துக்கொள்வது நம் வீடுகளில் பெருமை. நீதிமன்றத்தில் அது நமக்கு எதிராகவே எண்ணப்படும். தொற்று தெரிந்த நாளையே முதல் நாளாக வைத்து, காலண்டரில் குறித்துவிடுங்கள்.

இழப்பீட்டில் என்னென்ன கேட்கலாம்? இரண்டாவது அறுவையின் செலவு, மருந்து, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், கூட இருந்து கவனித்தவரின் வருமான இழப்பு, இனி ஆகப்போகும் சிகிச்சை, நிரந்தரக் குறைபாடு, பட்ட வேதனை. ஆட்டோ கூலிக்கும் கட்டு மாற்றிய செலவுக்கும்கூட ரசீது வைத்திருங்கள்.

வழக்குக்குப் போகும் முன்பே சில மருத்துவமனைகள் சமாதானத்துக்கு வரும். "ரெண்டாவது ஆபரேஷனுக்கு பில் போடலை, இதுல ஒரு கையெழுத்து மட்டும்" என்பார்கள். அந்த ஏற்பாடு உங்களுக்கு ஏற்றதாகவே இருக்கலாம். நியாயமான சமரசம் பத்து ஆண்டு வழக்கைவிட மேல். ஆனால், அந்தத் தாளில் 'முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். காயம் முழுதாக ஆறாத நிலையில், எலும்புவரை தொற்று போயிருக்கிறதா என்ற ஸ்கேன் வராத நிலையில், அந்த வரியின் கீழ் கையெழுத்திட வேண்டாம். தாளை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும், ஒரு வக்கீலிடம் காட்ட இரண்டு நாள் வேண்டும் என்று சொல்லுங்கள். கேஸ் ஷீட்டின் நகலையும் அந்தப் பேச்சிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.